பின்பக்கத்தால் தீட்டிய முகம்

லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பூசை நடக்கும். அந்தப் பூசைக்கு வருகிறவர்களில் ஒரேயொருவர் கொரியாக்காரர். பெயர் பெக் இன்ஹோ, ஞானஸ்நானப் பெயர் தோமஸ். சனம் முதலில் அவரைச் சீனர் என்றது. சீனர் இல்லை என்று திருத்தியபோது, அப்படியென்றால் யப்பான்காரர் என்றது. அதே பூசைக்கு வருகிற மரினாவைக் கல்யாணம் கட்டிய பிறகுதான் 'எங்கட தோமஸ்' ஆனார். சனத்துக்கு ஆளைத் தெரிவதற்கு முதல் உறவு தெரிய வேண்டும். உறவு தெரிந்துவிட்டால் ஆளைத் தெரியாமலே காலத்தைத் தள்ளிவிடும்.

மரினாவுக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு நத்தார்க் காலத்தில். இயேசு பிறப்பைக் காட்டுகிற பாலன் குடிலுக்குப் பின்திரை வரைய அந்த வருடம் ஆள் கிடைக்கவில்லை. பங்குச் சபைத் தலைவர் கிறிஸ்துராஜா, ஆங்கிலப் பூசைக்கு வருகிற கொரியாக்காரர் ஒருவர் படம் வரைகிறவராம் என்று கேள்விப்பட்டு, அவரிடம் வெள்ளைத் துணியையும் பெயின்ற் வாளிகளையும் கொண்டுபோய்க் கொடுத்தார். பெத்லகேம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். திரை வந்தது. விரித்துப் பார்த்தார்கள். பனிமூட்டத்துக்குள் அடுக்கடுக்காக மலைகள், மலைச் சரிவில் வளைந்து நின்ற பைன் மரங்கள், எங்கோ ஒரு மூலையில் மங்கலாக ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சம்தான் மாட்டுத்தொழுவமாம்.

"இது பெத்லகேமோ, நுவரெலியாவோ?" என்று ஊரின் குளிர் மலைப் பட்டினத்தை நினைத்துக் கேட்டார் கிறிஸ்துராஜா.

கோயில் மண்டபமே சிரித்தது. என்ன சொன்னார்கள் என்று விளங்காமலே கொரியாக்காரரும் சேர்ந்து சிரித்தார். அதைப் பார்க்க மரினாவுக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் போய் விசயத்தை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். அவர் கோபிக்கவில்லை. "நான் பெத்லகேமைப் பார்த்ததில்லை. மலையைத்தான் பார்த்திருக்கிறேன்," என்றார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மரினாவுக்கு அந்தப் பதில் நினைவில் நின்றது. இருவருக்கும் கல்யாண வயது எப்போதோ தாண்டியிருந்தது. அடுத்த நத்தாருக்கு முன்னால் கட்டிக்கொண்டார்கள்.

இன்ஹோ ஜொன்ஜு என்ற ஊரில் பிறந்தவர். இளவயதிலேயே பழைய முறை உருவப்படம் வரையும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அங்கே வேலை என்றால், எப்போதோ செத்துப்போன மந்திரிமாரின் படங்களைப் பார்த்து அச்சொட்டாகத் திரும்ப வரைவதுதான். தாடியை மயிர் மயிராக வரைய வேண்டும். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் தழும்பும் அதே இடத்தில் வர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அது வேறு ஆள் என்று சொல்லிக் கிழித்துப் போடுவார்கள். இப்படியே வரைந்து அவருடைய கை கத்தி மாதிரிக் கூரேறிவிட்டது. ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு தனக்கென்று ஒரு படம் வரைய உட்கார்ந்தால், பழைய ஆட்களில் யாரோ ஒருவருடைய படம்தான் வந்து விழும்.

அந்த எரிச்சலில்தான் அவர் ஊரை விட்டு லண்டனுக்கு வந்தார். கண்காணாத தேசத்தில் பழைய ஆட்கள் பின்தொடர மாட்டார்கள் என்று நினைத்தாராக்கும். நியூ மோல்டனில் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையின் ஸ்ரோரில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. வேலை முடிந்து வந்து தேம்ஸ் நதியை மையால் வரைந்தார். பார்த்தவர்கள் நல்ல சீனப் படம் என்றார்கள். சிவப்பு பஸ்ஸின் மேல்தட்டில் புலி ஒன்றை இருத்தி வரைந்தார். அதை நத்தார்ச் சந்தையில் ஆட்கள் சிரித்துச் சிரித்து வாங்கினார்கள், அவருக்கோ அதைப் பார்க்கவே குமட்டியது. பிறகு உருவமே வேண்டாம் என்று கறுப்புக் கறுப்பாக அப்பிப் பார்த்தார். பெக்கம் பக்கத்தில் சின்னதொரு கலைக்கூடம் நடத்துகிற ஹெலன் என்ற பெண் வந்து அவற்றைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது, ஆனால் இதே மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன் என்று இதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். இதமாகச் சொல்லுகிற ஆட்களிடம்தான் அடி பலமாக விழும்.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு படத்தைப் பார்த்தவுடனே, இது இன்ஹோவின் படம், வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது என்று தெரிய வேண்டும். அப்படி ஒரேயொரு படமாவது சாவதற்கு முன்னால் வரைந்துவிட வேண்டும். கேட்பதற்குச் சின்ன ஆசைதான். மரினாவுக்கு ஆரம்பத்தில் அதன் பாரம் தெரியவில்லை. சில நாட்களில் அவர் தேநீரை ஆறவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

"இது என்ர கை இல்லை, மரினா. செத்த ஆக்களின்ர கை. நான் சும்மா காவிக்கொண்டு திரியிறன்," என்று ஒருநாள் சொன்னார்.

தமிழில்தான் சொன்னார். அந்தத் தமிழ் மாமியாரிடம் கற்றது. மரினாவின் தாய் மெற்றில்டா இலங்கையில் போர் முடிந்து சில வருடங்களில் லண்டனுக்கு மகளிடம் வந்து சேர்ந்தவர். அவருக்கு ஆங்கிலம் ஏறவில்லை. மருமகனோ வீட்டில் சும்மா வாய் மூடி இருக்க விரும்பாதவர். குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டே இரண்டு பேரும் ஒரு பாசையை உண்டாக்கிவிட்டார்கள். மரியாதை கெடக்கூடாது என்று மெற்றில்டா ஒரேயடியாக 'நீங்கள்' போட்டுப் பழக்கியதால், வளவுக்குள் வருகிற நரியையும் இன்ஹோ "போங்கோ, போங்கோ" என்றுதான் கலைப்பார். மாமியார் வந்ததும் அவர் படம் வரைந்த அறை மாமியாருக்குப் போனது. இன்ஹோ தன் பட்டுத்துணிகளையும் தூரிகைகளையும் தூக்கிக்கொண்டு பின்வளவு ஷெட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஒரு சொல் முணுமுணுக்கவில்லை.

மெற்றில்டாவுக்கு மரினாவுக்குப் பிறகு ஒரு மகன். டெனுசன். மரினா வெளிநாட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு அவனை அவள் தொலைபேசியில்தான் வளர்த்தாள். மன்னார் அடம்பனிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, போரின் கடைசி நாட்களில் தாயும் மகனும் முகாமுக்கு நடந்து வந்த வழியில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி ஆமிக்காரர் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போனது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவுமில்லை.

அவன் செத்துவிட்டான் என்று மெற்றில்டாவின் முன்னால் ஒருவரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வருடமும் அவனுடைய பிறந்தநாள் வருகிற மார்கழித் தமிழ்ப் பூசையை அவனுக்காக ஒப்புக்கொடுப்பார். இறந்தவர்களுக்கு ஒப்புக்கொடுக்கும் பூசை என்றால் 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று வாசிப்பார்கள். டெனுசனுக்கு அப்படி இல்லை. 'டெனுசனின் சுகநலனுக்காகவும் அவர் விரைவில் வந்து சேர்வதற்காகவும்' என்று கிறிஸ்துராஜா ஒவ்வொரு மார்கழியும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பார். கோயில் முழுக்கத் தலையைக் குனிந்துகொள்ளும். வீட்டில் மரினாவும் இன்ஹோவும் அவன் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தால் அம்மா தாங்கமாட்டார் என்று இரண்டு பேரும் தாங்களாகவே முடிவுகட்டி வைத்திருந்தார்கள். அம்மாவிடம் ஒருதரம் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை.

இடம்பெயர்வில் புகைப்படங்களெல்லாம் தொலைந்துவிட்டன. போன வருடம் சுவிஸிலிருந்து ஒரு சொந்தக்காரர் தன் பழைய கல்யாணப் படம் ஒன்றை அனுப்பினார். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், யாரோ கூப்பிட்டுத் திரும்பினவன் மாதிரி, டெனுசனின் முகம். அதுவும் கலங்கிப்போய் இருந்தது. மெற்றில்டா அதைக் கொண்டுபோய் மருமகனின் கையில் வைத்தார்.

"மருமகன், நீங்கள் தாடி மயிரையும் எண்ணிக் கீறுவியளாமே. என்ர பிள்ளையை ஒருக்காத் தெளிவாக் கீறித் தாங்கோவன். அவன்ர பிறந்தநாளுக்கு வீட்டில வைப்பம்."

"கீறித் தாறன், மாமி," என்றார் இன்ஹோ.

அவர் படித்த முறையில் உருவப்படத்துக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. பட்டுத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பசைத் தண்ணி பூசிக் காயவிட வேண்டும். பிறகு முகத்தின் நிறத்தைத் துணியின் பின்பக்கத்தில் பூச வேண்டும். அது நூல்களுக்குள்ளால் கசிந்து முன்பக்கம் வரும்போது தோலுக்குக் கீழே இரத்தம் ஓடுகிற மாதிரித் தெரியும். அதன் பிறகுதான் முன்பக்கத்தில் கோடு. புருவம், மூக்கு, உதடு, எல்லாம் முடிந்து கடைசியில் கண்.

பின்பக்கத்து வேலையை அவர் கோடை முழுக்கச் செய்தார். நிறத்துக்கு மேல் நிறம், காயவிட்டு இன்னொரு நிறம். முன்பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கலங்கிய படத்தில் புருவம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உதட்டின் முடிவு எது, நிழல் எது என்று பிடிபடவில்லை. நாட்கணக்காகத் தூரிகையை நனைப்பார், துடைப்பார், வைப்பார்.

"கொஞ்சம் உத்தேசமா வையுங்கோவன்," என்றாள் மரினா.

"உத்தேசமா வைச்சால் அது வேற ஒரு அம்மாவின்ர பிள்ளை, மரினா. எனக்குத் தெரியாததை நான் கீறேலாது."

பெத்லகேம் விசயத்தில் சொன்ன அதே பதில்தான். மரினா வேலைசெய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் அன்றைக்கு எவ்வளவு உருளைக்கிழங்கு உரித்தாலும் மனம் அந்த ஷெட்டுக்குள்ளேயே நின்றது.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை காலை அவள் தேநீர் கொண்டுபோனாள். இன்ஹோ கவிழ்த்துவைத்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பட்டுத்துணி ஜன்னலுக்கு எதிரே சாய்த்து வைத்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் துணிக்குள்ளிருந்து ஒரு முகம் வந்துகொண்டிருந்தது. இளம் பெடியன் ஒருவனின் முகம் என்று தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்புகிறானா, திரும்பிப் போகிறானா என்று சொல்ல முடியவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய நிழல் மட்டும்தான். மரினாவின் மனதில் தம்பியின் முகம் இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்தது. அதை ஒருவரிடமும் சொல்ல அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

"இனி இதில ஒண்டும் செய்யக்கூடாது," என்றார் இன்ஹோ. "தெரிஞ்சது பின்னால இருக்கு. தெரியாததை முன்னால அப்பிடியே விட்டிருக்கிறன். இதை எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்ல, மரினா. இது என்ர."

ஹெலனுக்குத் தொலைபேசி எடுத்தது மரினாதான். ஹெலன் வந்தாள். இந்த முறை இதமாக ஒன்றும் சொல்லவில்லை. படத்தின் முன்னால் நின்றாள், பின்னால் போய்ப் பார்த்தாள், திரும்பவும் முன்னால் வந்து நின்றாள். இப்படி ஒன்றை யாரிடமும் பார்த்ததில்லை என்றாள். மாசி மாதம் கண்காட்சி வைப்போம், இதுதான் நடுவில் இருக்க வேண்டும், இதே வழியில் இன்னும் சில முகங்கள் செய்து தர முடியுமா என்று கேட்டாள். அவள் போன பிறகு இன்ஹோ கடைக்கு நடந்து போய் ஒரு பெரிய முள்ளங்கி வாங்கிவந்து தானே சமைத்தார். சமைத்துக்கொண்டு ஏதோ கொரியப் பாட்டை மூக்கால் முனகினார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் பாடி மரினா கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமியாருக்குப் படத்தைக் காட்டவில்லை. காட்டுகிற தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை. மெற்றில்டா கேட்கிற நேரமெல்லாம், இன்னும் காயவில்லை என்று மரினா சாட்டுச் சொன்னாள்.

"இதென்ன பிள்ளை, மாரியில காயப்போட்ட புழுக்கொடியலே, இன்னும் காயாமல் கிடக்க?" என்றார், ஊரில் பனங்கிழங்கை அவித்து வெயிலில் காயப்போட்டுப் பழகிய மெற்றில்டா.

கார்த்திகை வந்தது. கோயிலில் இறந்தவர்களுக்காக மன்றாடுகிற மாதம். அந்த மாதம் முழுக்க மெற்றில்டாவுக்கு இருப்புக்கொள்ளாது. மகனை அந்தக் கூட்டத்தில் யாராவது சேர்த்துவிடுவார்களோ என்ற பயம். ஒரு பின்னேரம் மரினா வேலையால் வந்து பார்த்தால் அம்மாவின் அறை வெறுமையாக இருந்தது. ஷெட்டுக்கு ஓடினாள். மெற்றில்டா குளிர்ச் சட்டைகூடப் போடாமல் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இன்ஹோ, பிழை செய்துவிட்டுப் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"கண் எங்க?" என்று மெற்றில்டா கேட்டார்.

"மாமி, எனக்கு இவரின்ர கண் தெரியாது. தெரியாததைக் கீறேலாது. அதாலதான்..."

"உங்களுக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியுந்தானே. என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கக்கூடாதே?"

அம்மா தாங்கமாட்டார் என்று காபந்துபண்ணி வைத்திருந்தார்களே, அந்த அம்மா அங்கே உறுதியாக நின்றார். தாங்காமல் நின்றவர்கள் இவர்கள்தான்.

அன்றைக்குக் குசினிக்குள் மரினா தாயோடு சண்டை பிடித்தாள். ஹெலன் வந்து போனது, மாசிக் கண்காட்சி, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அம்மா, அவருக்கு வாழ்க்கையில கிடைச்சது இந்த ஒரு படந்தான். உங்களுக்கு வேற ஒண்டு கீறித் தருவார். இதை விட்டிடுங்கோ."

"என்ர பிள்ளையைக் கண்ணில்லாமல் கொண்டுபோய் வெள்ளைக்காரருக்குக் காட்டப் போறியளோ?"

"அவருக்கு இது ஒண்டுதான் அம்மா இருக்கு."

"எனக்கு மட்டும் எத்தினை டெனுசன் கிடக்கு?"

நானும் உங்கள் பிள்ளைதானே என்று கேட்க வந்ததை மரினா விழுங்கிக்கொண்டாள்.

இன்ஹோ யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாள் ஷெட்டுக்குள் மின்சார ஹீற்றரைப் போட்டு, மாமியாருக்கு ஒரு கதிரை கொண்டுபோய் வைத்தார். முதலில் கடதாசியில் கீறிக் கீறிக் காட்டினார். மெற்றில்டா பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இல்லை, புருவம் இவ்வளவு கிட்டவா இல்லை. இடது புருவத்தில ஒரு வெட்டு. சைக்கிளோட வேலிக்குள்ள விழுந்தவன். ஓம், அந்த இடந்தான். காது கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும், அவன்ர அப்பரைப் போல. மீசை வந்தும் வராததுமா இருந்தது. அதை நான் உத்துப் பாத்தால் கோவம் வரும் அவனுக்கு. இல்லை, இது இல்லை. சிரிக்கேக்க ஒரு கண் மட்டும் சின்னனாப் போகும்."

குசினியில் நின்ற மரினாவுக்கு வளவைத் தாண்டி ஒரு சத்தம் கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். டெனுசனைப் பற்றி ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது இந்த வீட்டில் இதுதான் முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதே நேரம் இன்ஹோவின் படம் போகப்போகிறதே என்றும் இருந்தது. மாமியார் உள்ளே போன பிறகு ஷெட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அதைத் தொடாதேயுங்கோ. அம்மாவுக்குப் புதுசா ஒரு துணியில கீறுங்கோ. நான் அம்மாவைச் சமாளிக்கிறன்."

இன்ஹோ தலையாட்டினார். முடியாது என்கிற தலையாட்டல்.

"முந்தி எனக்கு அவரைத் தெரியாது. விட்ட இடம் உண்மையா இருந்தது. இப்ப அந்தக் கண் எனக்குத் தெரியும், மரினா. தெரிஞ்சுகொண்டு விட்டால் நான் ஒளிக்கிறன். அது பொய்ப் படம்."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. உலகத்தில் எத்தனையோ பேர் தெரிந்ததை ஒளித்தும் தெரியாததைச் சொல்லியும் பெயர் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த மனுசனுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஆத்திரம் வந்தது. ஆனால் இந்தப் பிடிவாதத்தைக் கண்டுதானே அவரைக் கட்டினாள். ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

புருவம் மயிர் மயிராக வந்தது. வெட்டு வந்தது. உதடு வந்தது. கடைசியாகக் கண் வைத்தார். முடிந்ததும் தூரிகைகளைக் கழுவித் தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டு, மரினாவிடம் மாமியாரைக் கூப்பிடச் சொன்னார்.

மெற்றில்டா நல்ல சாரி உடுத்திக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தார். டெனுசன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மங்கல் இல்லை, கலக்கம் இல்லை. கூப்பிட்டால் பேசுவான் போல இருந்தான்.

"ஓம். இவன்தான்," என்றார் மெற்றில்டா. முகம் மலர்ந்தது. மருமகனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரும்பவும் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"வாற மாசம் அவனுக்கு முப்பத்தைஞ்சு," என்றார்.

"ஓம் அம்மா," என்றாள் மரினா.

"மண்டையில மயிர் கொட்டியிருக்கும், வண்டியும் தொந்தியும் வைச்சிருக்கும் எண்டெல்லாம் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். இவன் பத்தொன்பதில அப்பிடியே நிண்டிட்டான் பிள்ளை."

எழும்பிச் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய்விட்டார்.

அதே கிழமை ஹெலனும் வந்தாள். படத்துக்கு முன்னால் நின்று, மிக நுட்பமான கை என்றாள். இதம் திரும்ப வந்துவிட்டது என்பது மரினாவுக்கு உடனே விளங்கியது. முந்தியது மாதிரி இன்னொன்று செய்ய முடியுமா என்று ஹெலன் கேட்டாள். இன்ஹோ முயற்சி செய்யாமல் விடவில்லை. கடையில் கூட வேலைசெய்கிறவர் ஒருவரின் முகத்தைப் பின்பக்கத்தால் தீட்டி, முன்பக்கத்தை வெறுமையாக விட்டார். மரினாவுக்கு அது வடிவாகத்தான் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது வித்தை காட்டுறது," என்று சொல்லித் துணியைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தார். அடுத்ததையும் அப்படியே வெட்டினார். மாசிக் கண்காட்சிக்கு ஹெலன் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டாள். அவளில் பிழை சொல்ல முடியாது.

பாலன் குடில் வேலை தொடங்கியபோது கிறிஸ்துராஜா ஒரு நத்தார் அட்டையோடு வீட்டுக்கு வந்தார். பழைய மலைத்திரை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டதாம்.

"தோமஸ், குறை நினைக்கக்கூடாது. இந்த முறை இதைப் பார்த்து அப்பிடியே கீறித் தாரும். சனத்துக்கு விளங்க வேணும்."

மரினா இன்ஹோவின் முகத்தைப் பார்த்தாள். நான் பெத்லகேமைப் பார்த்ததில்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஓம், செய்து தாறன்," என்றார். செய்தும் கொடுத்தார். தட்டைக் கூரை வீடுகள், ஈச்சமரம், மூன்று ஒட்டகம், வால்வெள்ளி. அட்டையில் இருந்ததில் ஒரு கல்லும் குறையவில்லை.

மார்கழித் தமிழ்ப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. உள்ளே வருகிற ஆட்களெல்லாம் குடிலுக்கு முன்னால் நின்று பின்திரையைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"இந்த முறைதான் தோமஸ், உண்மையான பெத்லகேம்," என்று முன்வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமோதித்தார்கள். இன்ஹோ எல்லோருக்கும் நன்றி சொன்னார். மரினாவுக்கு அவர்கள் எல்லோரையும் எழும்பி ஏச வேண்டும் போல இருந்தது. அவர்களுக்கு என்ன தெரியும், பாவங்கள்.

பூசை தொடங்குவதற்கு முன்னால் கிறிஸ்துராஜா மைக்கடிக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூசைக் கருத்துகளை வாசித்தார். யாரோ ஒருவரின் கல்யாண நாள். யாரோ ஒருவரின் சத்திர சிகிச்சை. பிறகு வழக்கம் போலத் தொண்டையைச் செருமினார். ஆனால் உடனே வாசிக்கவில்லை. கையிலிருந்த தாளைக் கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்துப் பார்த்தார். மெற்றில்டா இருந்த பக்கத்தை ஒருதரம் பார்த்தார்.

"டெனுசனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர், தாயார் மெற்றில்டா."

மரினா திரும்பிப் பார்த்தாள். அம்மா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் இல்லை. கையில் செபமாலை மணி ஒன்றில் விரல் நின்றிருந்தது.

இத்தனை வருடம் தமிழ்ப் பூசை கண்ட இன்ஹோவுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமல் இருக்குமா? அவருடைய தலை குனிந்தது. மரினாவின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கண்ணை நான் வைக்காமல் விட்டிருக்கலாம்."

ஓம் என்று சொன்னால் அவர் உடைந்துபோவார். இல்லை என்று சொன்னால் அது பொய். மரினா அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒட்டகத்துக்குப் பூசிய மண்ணிறம் நகங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வருகைப் பாடல் தொடங்கியது. மெற்றில்டா முன்வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், அவர்களும் எழும்பி அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.